படிக்கட்டு இடது பக்கம்

கவுண்டருக்குப் புதிதாக வரும் இருவருக்கும்,

நான் ரிட்டயர் ஆகிறேன் என்று குரூப்பில் போட்டதும் வரிசையாகச் சிரிப்பு முகங்களை அனுப்பினீர்கள். சிரியுங்கள். வயது இருபத்தெட்டுதான். ஆனால் ஆயர் குரோவில் இந்தப் படச்சட்டக் கடையின் ஒரே ஸ்டூலில் ஆறு வருடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கிறவள் வேறு என்ன வார்த்தை சொல்வாள்? முதுகு வலிக்கிறது. ரிட்டயர்மென்ட்தான்.

"போறதுக்கு முன்னாடி அதுங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போ" என்று அக்கா சொல்லிவிட்டார். அக்கா என்றால் நம் முதலாளி. நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். பாஸ் என்றால் எரிந்து விழுவார். சட்டம் அறுப்பது, கண்ணாடி வெட்டுவது, பிரிண்டருக்கு மை மாற்றுவது, இதெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இரண்டு வாரத்தில் கை தானே கற்றுக்கொள்ளும், விரலில் நாலு பிளாஸ்டர் செலவில். நான் எழுதப்போவது வாயைப் பற்றி. என் வாயைப் பற்றி.

முதலில் ஒரு சின்ன அவமானம். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓர் அண்ணன் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து, பெரிய சைஸ், தங்க நிறச் சட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். முகம் வாடியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நம் கடைக்கு வரும் பெரிய சைஸ் அப்பாக்களில் பாதிப் பேர் இறந்துபோனவர்கள். ஆகவே கடை சார்பில் இலவசமாக ஒரு சந்தன மாலையும் போட்டு வைத்தேன். வாங்க வந்தது அந்த அப்பா. படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, அவ்ளோ அவசரமா?"

அறுபதாம் கல்யாணத்துக்காம். மகனுக்குப் பல்வலியாம், அதனால்தான் முகம் வாடியிருந்ததாம். மாலையைக் கழற்றி என் கையிலேயே கொடுத்து, "பத்திரமா வெச்சிரு, வேணும்போது ஆள அனுப்புறேன்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததால் பாடம் உள்ளே இறங்கவில்லை. கேட்காமல் முடிவு செய்யாதே என்பது எனக்குப் புரிய இன்னும் ஐந்து வருடம் ஆனது. அந்தத் தடவை கடைசியில் யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருடம் ஒரு முன்னாள் மாணவர் சங்கத்தின் தலைவர் வந்தார். வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். அங்கே படித்த மலாக்காக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடி விருந்து சாப்பிடுவார்கள். அவர்கள் படித்த மூன்று மாடிக் கட்டடம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அதன் படம் ஒன்று தலைவர் வீட்டு ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி விருந்து மேடைக்குப் பின்னால் கட்ட வேண்டும். விருந்து சனிக்கிழமை. அவ்வளவு பெரிய பிரிண்ட் நம்மால் போட முடியாது, டவுனுக்குத்தான் அனுப்ப வேண்டும். புதன்கிழமை நாலு மணிக்குள் ஃபைல் போகாவிட்டால் அந்த வாரம் மெஷின் கிடைக்காது.

அது போட்டோ இல்லை. எட்சிங். பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். மெழுகு பூசிய செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கி, அரித்த கோடுகளில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை மேலே வைத்து அழுத்தி எடுக்கும் படம். அந்தக் காலத்து மாணவர் ஒருவர் செய்தது. கீழே பென்சிலில் கையெழுத்து. முகப்பில் பெயர்ப்பலகை, ஒவ்வோர் எழுத்தும் படிக்கும்படி. கட்டடத்தின் வலது ஓரத்தில் வெளிப்படிக்கட்டு ஒன்று மூன்று மாடிக்கும் ஏறியது. படியடியில் ஒரு கப்சாய் நின்றது. நாமெல்லாம் ஓட்டுகிறோமே, அதே சின்ன மோட்டார் சைக்கிள். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது, ஆள் மட்டும் இல்லை.

திங்கட்கிழமை காலை அதைச் சட்டத்திலிருந்து பிரித்து ஸ்கேன் எடுத்துவிட்டு மேசைமேல் வைத்திருந்தேன். கடையில் பட்டமளிப்பு விழாப் படத்தோடு இரண்டு பெண்கள், டுரியான் துங்காலில் படிப்பவர்கள். சட்டம் கறுப்பா பழுப்பா என்று அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்த அங்கிள் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கவுண்டருக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பெருசாக்கணும் தங்கச்சி. வீட்டுக்காரம்மா. வியாழக்கிழம பதினாறாம் நாள்."

"இதவிடப் பெரிய படம் இல்லயா அங்கிள்? இத இழுத்தா முகம் மங்கிரும்."

"இருக்கு. எல்லாத்துலயும் நான் பக்கத்துல நிக்கிறேன். வெட்டணும்ல."

சரி, இதையே பார்க்கிறேன் என்று சீட்டு எழுதினேன். மெர்லிமாவ் முகவரி. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். சீட்டை வாங்கியவர் போகவில்லை. மேசையில் இருந்த எட்சிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இது எப்படி மா இங்க வந்துச்சி?"

"கஸ்டமரோடது அங்கிள். பழைய யூனிவர்சிட்டி. இடிச்சிட்டாங்களாம்."

"தெரியும். நான் அங்கதான் ஜாகா."

ஜாகா என்றால் காவலாளி, உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறார். அவர் மனைவி கேண்டீனில் தேநீர் கலக்கியவர். வேலை முடிந்ததும் இருவரும் மெர்லிமாவுக்குத் திரும்பிவிட்டார்கள். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் ஒரு காதை அவருக்கும் ஒரு காதைக் கறுப்புச் சட்டத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு பையன் கேட்டுக்கிட்ட உக்காந்து இத வரைவான் மா. தகடு ஒண்ண மடியில வெச்சிக்கிட்டு, ஊசியால கீறிக்கிட்டே இருப்பான். வெயில்ல. நான் பைத்தியம்னு நெனச்சேன்."

"ஓ."

"ஆனா இது தப்பா இருக்கே."

"எது அங்கிள்?"

"படிக்கட்டு. இந்தப் பக்கம் இல்ல. இடது பக்கம்."

அவர் எப்படிச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை, நீங்களாவது கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டார். கவுண்டருக்கு முன்னால் நேராக நின்றார். "கேட்டுக்கு முதுகக் காட்டி நிக்கிறேன். எதுத்தாப்ல பில்டிங். படி இங்க" என்று இடது கையை நீட்டினார். "கேண்டீன் இங்க" என்று வலது கையை நீட்டினார். பதினாறாம் நாள் படத்துக்கு வந்த மனிதர், கடை நடுவில் இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடி நின்றார். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு எரிச்சல். புதன்கிழமை ஃபைல் போக வேண்டும். இவர் கட்டடத்தைத் தூக்கி மாற்றி வைக்கிறார்.

"அங்கிள், இது நேர்ல பாத்து வரஞ்சது. நீங்களே சொன்னீங்க, அங்கயே உக்காந்து வரஞ்சான்னு. நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ரொம்ப நாளாச்சி."

"அப்புறம் என்னா? படம் மறக்காது அங்கிள். நாமதான் மறப்போம்."

நல்லா இருந்தது எனக்கு, அந்த வாக்கியம். சொல்லிவிட்டு அந்தப் பெண்களைப் பார்த்தேன், ரசித்தார்களா என்று. ரசித்தார்கள்.

அவர் கண்ணைத் திறந்து படத்தை இன்னொரு தடவை பார்த்தார். கையைக் கீழே இறக்கினார், முதலில் வலது, பிறகு இடது.

"அப்படியா மா. மகளும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. அப்பாவுக்கு மறதின்னு." சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வீட்டுல கேக்கலாம்னா, அதுவும் இப்ப இல்ல."

'அது' என்றது சட்டைப்பையில் வந்த அந்த அம்மாவை. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும், "வெனஸ்டே வாங்க அங்கிள்" என்றேன். போய்விட்டார். ஹெல்மெட்டை மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண்கள் அதற்கும் சிரித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அவர் வரவில்லை. மகள் வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். ஜொகூரில் இருக்கிறாள், அம்மா காரியத்துக்கு வந்தவள். அம்மாவின் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். துடைத்துக்கொண்டு, "நீங்கதானே அன்னிக்கு இருந்தது?" என்றாள்.

"ஆமாக்கா."

"தேங்ஸ் மா."

"எதுக்கு?"

"ஒரு வருஷமாக் கெஞ்சுறேன், என் கூட வந்து இருங்கப்பான்னு. அடுப்புல பால வெச்சிட்டு மறந்துர்றார், கதவத் தெறந்து போட்டுட்டுக் கடைக்குப் போயிர்றார். மறதியே இல்லன்னு சண்டை. அம்மா இருந்தாங்க, சமாளிச்சாங்க. இப்ப? மண்டே இங்கருந்து வந்தவர் பைக் சாவிய எடுத்து என் கையில குடுத்தார். 'நான் வேல செஞ்ச எடமே எனக்கு மாறிப் போச்சி, இனிமே என்னா, நீ சொல்றபடி வரேன்'னார். ஏதோ படம் காட்டுனீங்களாமே."

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதாகச் சொன்னாள். வீட்டைப் பூட்டி, பைக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு.

அவள் போன பிறகு எனக்குப் பெருமையாகவே இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்து, ஒரு மைலோ ஐஸ் வாங்கி வைத்துக்கொண்டு தூசி எடுக்க உட்கார்ந்தேன்.

தூசி எடுக்கும் வேலை உங்களுக்கும் வரும். பழைய காகிதத்தில் புள்ளி புள்ளியாக அழுக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொன்றும் தட்டு அளவுக்கு வரும். ஆகவே ஸ்கேனைப் பெரிதாக்கிக்கொண்டு, மூலைக்கு மூலை போய்த் துடைக்க வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். கடையில் சுவரைச் சுற்றி, ஆர்டர் கொடுத்தவர்கள் வாங்க வராத படங்களின் முகங்கள் மட்டும் இருக்கும். நான் ஜன்னல் ஜன்னலாகத் துடைத்துக்கொண்டு படியடிக்கு வந்தேன். கப்சாய் திரை முழுக்க நின்றது. எக்ஸாஸ்ட் பைப்பின்மேல் ஒரு புள்ளி. அதைத் துடைத்தேன்.

துடைத்த பிறகு, என்னை அறியாமல் என் கை கீழே போய் என் வலது கெண்டைக்காலைத் தொட்டது.

உங்கள் காலைப் பாருங்கள். சின்ன வயதில் கப்சாயில் ஏறி இறங்கிய யாருக்கும் அங்கே ஒரு தழும்பு இருக்கும். எக்ஸாஸ்ட் சுட்டது. வலது காலில்தான் இருக்கும், ஏனென்றால் பைப் வண்டியின் வலது பக்கம்.

படத்தில் அந்த வண்டியின் முகம் இடது பக்கம் பார்த்து நின்றது. அப்படி நின்றால் நமக்குத் தெரிவது வண்டியின் இடது பக்கம். பைப் தெரியவே கூடாது. தெரிந்தது. நான் எழுந்து வெளியே போய் என் வண்டியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தேன். ஆறு வருடம் ஓட்டிய வண்டி. இருந்தும் பார்த்தேன்.

தகடு. மடியில் தகடு.

கல்லூரியில் முதல் செமெஸ்டரில் நானே எட்சிங் செய்திருக்கிறேன். தகட்டில் கீறுவது காகிதத்தில் திரும்பி விழும், ரப்பர் முத்திரை மாதிரி. என் பெயரை நேராகக் கீறி, அது இடவலம் மாறி வந்து, வகுப்பே கைதட்டியது. அந்தப் பையன் புத்திசாலி, பெயர்ப்பலகையை மட்டும் ஞாபகமாகத் திருப்பி எழுதியிருக்கிறான். கட்டடத்தைக் கண் முன்னால் இருந்தபடியே கீறிவிட்டான். எழுத்து சரியாக இருந்ததால் மற்றதும் சரி என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். தகட்டில் வரைந்தான் என்று அங்கிள் என்னிடம் சொல்லியே இருந்தார். டிப்ளமா வைத்திருக்கிற நான் "ஓ" என்றேன்.

இடது பக்கம்தான் படிக்கட்டு. அந்த மனிதர் கண்ணை மூடிச் சொன்னது சரி.

மணி இரண்டரை. இந்த இடத்தில் நான் என்ன வரிசையில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பதறும்போது வரிசைதான் முக்கியம். முதலில் ஃபைலை அனுப்பாமல் நிறுத்தினேன். பிறகு அங்கிள் நம்பருக்கு அடித்தேன், போன் அணைத்திருந்தது. பிறகு தலைவருக்கு.

அவர் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"நெசமாவா? இரு மா, நெனச்சிப் பாக்குறேன்." வலது, இடது என்று அவர் முணுமுணுப்பது கேட்டது. "தெரியலயே. நான் அங்க மூணு வருஷந்தான் படிச்சேன். இந்தப் படம் முப்பது வருஷமா என் ஹால்ல இருக்கு. கட்டடத்தவிட இதத்தான் அதிகம் பாத்திருக்கேன். இப்ப எனக்கு ரைட்ல ஏறுன மாதிரித்தான் இருக்கு."

"திருப்பிப் போட்டுரலாமா சார்? ரெண்டு நிமிஷ வேல. போர்ட மட்டும் மாத்தணும்."

"வேணாம் வேணாம். எல்லார் வீட்டுலயும் இதோட காப்பி இருக்கு. மேடையில மாத்தி வெச்சா என்னயத்தான் கேப்பாங்க. அப்படியே அடி. யாரு பாக்கப் போறா லா."

"பாத்துட்டார் சார். அங்க இருந்த ஜாகா."

"எந்த ஜாகா? நெட்டையா, விசில் ஊதி வெரட்டுவாரே, அவரா? இன்னும் இருக்காரா!" குரலில் உண்மையான சந்தோஷம். நான் அதைப் பிடித்துக்கொண்டு, விருந்துக்குக் கூப்பிட்டால் நன்றாக இருக்கும், அவர் மனைவி இப்போதுதான் தவறினார் என்றேன்.

"அடடா. பாவம். டேபிளெல்லாம் க்ளோஸ் பண்ணிட்டோம் மா. நான் கேட்டேன்னு சொல்லு."

நான் வாதாடவில்லை. படம் அவருடையது, விருந்து அவருடையது. தப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நம் கடமை; சொன்னதை எழுத்தில் அனுப்ப வேண்டியதும் கடமை. திருத்துவது அவர்கள் இஷ்டம். வாட்ஸ்அப்பில் எழுதினேன், "ஓகே, அப்படியே போடவும்" என்று பதில் வாங்கினேன், மூன்றே முக்காலுக்கு ஃபைல் அனுப்பினேன். கூடவே ஒன்று கேட்டேன்: திருப்பிய சின்னப் பிரதி ஒன்று அந்த ஜாகாவுக்குக் கொடுக்கலாமா என்று. கட்டைவிரல் ஒன்று வந்தது.

அக்காவிடமும் சொன்னேன். மறைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படம் விஷயத்துல கடை தப்புப் பண்ணல. உன் வாய்தான் பண்ணுச்சி. போன்ல சரி பண்ணாத. நேர்ல போ."

பிரதியை நான் எப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். திருப்பினேன், பெயர்ப்பலகையை நேராக்கினேன். கையெழுத்தைத் தொடவில்லை, அதைத் திருப்பிப் போடுவது களவு மாதிரி, அப்படியே வைத்தால் பொய் மாதிரி. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்குள் மறைத்துவிட்டேன். பின்பக்கம், "மூலத்தைத் திருப்பி எடுத்த பிரதி" என்று பென்சிலில் எழுதினேன். மூலத்தில் ஒரு விரல் வைக்கவில்லை. அது எப்படி வந்ததோ அப்படியே தலைவர் ஹாலுக்குப் போனது.

வியாழக்கிழமை காரியம், போவது முறையில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, படத்தையும் சுத்தியலையும் ஆணியையும் பையில் போட்டுக்கொண்டு மெர்லிமாவுக்கு வண்டியை விட்டேன். வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. மகளின் கார் டிக்கி திறந்திருந்தது, உள்ளே இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர். வாசல் ஓரத்தில் கப்சாய். அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல.

"என்னா தங்கச்சி, படத்துக்குப் பாக்கி இருக்கா?"

"இல்ல அங்கிள். நான் சொன்னது தப்பு. அதச் சொல்ல வந்தேன்."

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் பார்த்தார். நான் தகடு, ஊசி, திரும்பி விழுவது என்று கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. விரலைப் படத்தின் கீழ் ஓரத்தில், கேட் இருந்த பக்கம் வைத்து, கட்டடம் வரை கொண்டுபோய், இடது ஓரத்தில் படியடியில் நிறுத்தினார்.

"இது என் பைக்கு" என்றார்.

மகள் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்திருந்தாள். "என்னாப்பா?"

"அக்கா, அன்னிக்கு அங்கிள் சொன்னது சரி. படந்தான் மாறியிருந்துச்சு. நான் தெரியாம அவரப் போட்டு..." வாசலில் நின்ற வண்டியைக் காட்டினேன். பைப் எந்தப் பக்கம், பழைய படத்தில் எந்தப் பக்கம் என்று போனில் திறந்து காட்டினேன். அவள் போனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். அவள் வலது காலிலும் தழும்பு இருந்தது. அவளே அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கோபமாகவே சொன்னாள்:

"சரி. படம் தப்பு. அடுப்புல பால் தீஞ்சது? அதுவும் படமா?"

இதற்குத்தான் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அவள் சொல்வதும் நியாயம். நான் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அதோடு சேர்த்து அவளுடைய உண்மையையும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

அங்கிள்தான் பேசினார். படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"பால மறந்தேன் மா. இல்லங்கல. படிய மறக்கல."

மகள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார இடமில்லாமல், வாசல் படியில் குந்தினாள். படத்தை எட்டிப் பார்த்தாள். "இதுலயா அம்மா இருந்தாங்க?" என்றாள். எனக்கு என்னவோ அவள் அதை முதல் தடவையாகக் கேட்கிறாள் என்று தோன்றியது.

"இங்க" என்று வலது ஓரத்தில் ஒரு ஜன்னலைக் காட்டினார். "மூணு மணிக்கு எனக்குத் தேத்தண்ணி இந்த ஜன்னல்ல வரும். படியில எறங்கி, இப்படிக் குறுக்க நடந்து போவேன். உங்கம்மா கூப்புடாது. கிளாஸ ஒரு தட்டு தட்டும்." சொல்லிவிட்டு, உறுதி கேட்பதுபோல் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளே நான் பெரிதாக்கிக் கொடுத்த முகம், புது மாலையோடு. திரும்பிக்கொண்டார்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று பையிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்தேன். "எங்க மாட்டட்டும் அங்கிள்? ஹால்லயா?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் ஒரு கை பாக்கெட்டுக்குள் இருந்தது. பைக் சாவி அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவர் கேட்டிருந்தால் அந்த நேரத்தில் கொடுத்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் கேட்கவில்லை.

"இங்க ஆணி அடிக்காத தங்கச்சி. சொவரு எதுக்கு வீணா" என்று எழுந்தார். படத்தைச் சட்டையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, காரின் முன் சீட்டுப் பக்கம் போனார். கதவைத் திறந்து, உட்காராமல், மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வரேன் மா. நான் சொன்னது சொன்னதுதான். ஆனா மறதின்னு கூட்டிக்கிட்டுப் போவாத. தனியா இருக்கேன்னு கூட்டிக்கிட்டுப் போ."